எம்.ஆர். ராதாவை சினிமா வளர்த்ததா, சுருக்கியதா?

கொட்டகை முரளி:

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்.ஆர். ராதா என்ற மேடைக் கலைஞனை சினிமா சுருக்கிவிட்டது. இன்று அவர் பேரைச் சொன்னால் நம் பிள்ளைகளுக்கு நினைவு வருவது இரண்டு குரலில் பேசும் ஒரு வில்லன், அவ்வளவுதான். மிமிக்ரிக்காரர்கள் அந்த இழுவையை எடுத்துக்கொண்டார்கள், மற்றதெல்லாம் போய்விட்டது.

அவர் சிறுவனாக வீட்டை விட்டு ஓடி நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். ஜெகந்நாத ஐயரின் கம்பெனியில் நடிப்பு மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. மேடைக்கு விளக்குப் போடுவது, மோட்டார் ரிப்பேர் செய்வது, வண்டி ஓட்டுவது என்று ஒரு கொட்டகை நடக்கத் தேவையான எல்லாவற்றையும் கையால் செய்தவர். நவாப் ராஜமாணிக்கமும் அதே பள்ளியில் இருந்து வந்தவர்தான். அவர் பக்தி நாடகம் பக்கம் போனார், ராதா நேர் எதிர்த்திசையில் போனார்.

1937-இல் வந்த ‘ராஜசேகரன்’ தொடங்கிச் சில படங்களில் நடித்துப் பார்த்தார். ஒட்டவில்லை, மேடைக்கே திரும்பினார். ‘இழந்த காதல்’ நாடகத்தில் ஒரு முக்கியமான காட்சியில் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசிக் கைதட்டு வாங்கினார் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். முகத்தைக் காட்டாத நடிகனைப் பார்க்கக் கூட்டம் வந்தது என்றால், அந்தக் குரலிலும் தோளிலும் என்ன இருந்திருக்க வேண்டும்? அப்புறம் அந்த நாடகம் 1941-இல் படமானபோது அவர் செய்த வேஷத்துக்கு கே.பி. கேசவனைப் போட்டார்கள்.

திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘ரத்தக் கண்ணீர்’ 1949 முதல் மேடையில் ஓடியது. ஆயிரக்கணக்கில் காட்சிகள். ஒரு ராத்திரி பேசிய வசனம் மறுநாள் ராத்திரி அப்படியே வராது. காலையில் பேப்பரில் வந்த செய்தி ராத்திரி மேடையில், ராதா செய்த கதாநாயகன் மோகனசுந்தரத்தின் வாயில் இருக்கும். கூட்டத்தில் ஒருவன் குரல் கொடுத்தால் அவனுக்கும் அங்கேயே பதில் உண்டு. 1954-இல் அதே நாடகத்தைப் பிலிமில் பதித்தார்கள். அன்றோடு மோகனசுந்தரம் ஒரே மாதிரி பேச ஆரம்பித்துவிட்டான். அதற்குப் பிறகு ராதாவுக்குக் கிடைத்ததெல்லாம் பேராசைக்காரப் பெரிய மனிதர், குடும்பத்தைப் பிரிக்கிறவர், ஊரை ஏய்க்கிற மாமா. இது வளர்ச்சி என்று யாராவது நினைத்தால் வாருங்கள், பேசுவோம்.

உறையூர் நித்யா:

முரளி அண்ணா, நான் வருகிறேன். நீங்கள் சொல்கிற மேடை ராதாவை நீங்களும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. நமக்குத் தெரிந்த ராதா திரையில் இருப்பவர் மட்டும்தான். பார்க்காத ஒன்றைப் பெரிதாக்கி, கண் முன்னால் இருப்பதைச் சின்னதாக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

‘பாவ மன்னிப்பு’ (1961) ஆளவந்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். சிவாஜி முகத்தில் திராவகம் வீசுகிற ஆள். இந்த வேஷத்தைக் கண்ணை உருட்டிக்கொண்டு செய்ய அன்று பத்துப் பேர் இருந்தார்கள். ராதா அப்படிச் செய்யவில்லை. அந்த ஆள் தன் பணத்தைப் பற்றிப் பேசும்போது குரல் கனமாக, தணிந்து வருகிறது. எதிராளியை ஏமாற்றும்போது மூக்கு வழியாக மெல்லிசாக ஏறுகிறது. ஒரே வாக்கியத்துக்குள் இரண்டும் வரும். உள்ளே நினைப்பதற்கு ஒரு சுருதி, வெளியே சொல்வதற்கு ஒரு சுருதி. இதைத்தான் ‘இழுவை’ என்று மிமிக்ரியில் கெடுக்கிறார்கள். ஆனால் மைக் பக்கத்தில் இருக்கும்போதுதான் இந்த நுணுக்கம் காதில் விழும். ஆயிரம் பேர் உட்கார்ந்த கொட்டகையில், பின்வரிசைக்கு இது இப்படிப் போய்ச் சேர்ந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இன்னொன்று. அந்தக் காலத்துப் படங்களில் வசனம் என்றால் அடுக்குத்தொடர், எதுகை மோனை, ஒரு மூச்சில் அரைப் பக்கம். சிவாஜி அதைப் பேசி உச்சத்துக்குக் கொண்டுபோனார், மறுக்கவில்லை. ஆனால் அதே நாளில் ராதா வாக்கியத்தை நடுவில் உடைத்தார், பாதியில் விட்டார், தெருவில் பேசுகிற மாதிரி முணுமுணுத்தார். ‘பராசக்தி’யையும் (1952) ‘ரத்தக் கண்ணீர்’ படத்தையும் எடுத்தது ஒரே கிருஷ்ணன்-பஞ்சுதான், ஒரே நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள்தான். அடுத்தடுத்து இரண்டையும் பாருங்கள். பேச்சு இரண்டிலும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும்.

‘பலே பாண்டியா’ (1962) வேறு இருக்கிறது. அதில் சிவாஜிக்கு மூன்று வேஷம், ராதாவுக்கு இரண்டு. ‘நீயே உனக்கு என்றும் நிகரானவன்’ பாட்டில் சிவாஜி பாட, ராதா ஜதி சொல்கிற காட்சியில் கண்ணை யார் மேல் வைப்பது என்று தெரியாது. சுருங்கிப்போன நடிகன் இப்படியா இருப்பான்?

சுந்தரம், பழைய ரசிகன்:

நான் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். எழுபதுகளில், ராதா சிறையிலிருந்து வெளியே வந்து மறுபடி நாடகம் போட்ட காலம். எங்கள் பக்கத்தில் தற்காலிகக் கொட்டகை போட்டு ‘ரத்தக் கண்ணீர்’ நடந்தது. உடம்பு தளர்ந்திருந்தார். ஆனால் மேடைக்கு வந்து ஒன்றும் பேசாமல் கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார் பாருங்கள், அதற்கே விசில் பறந்தது.

நித்யா, பின்வரிசைக்குக் கேட்டதா என்று கேட்டீர்கள். கேட்டது அம்மா. நான் பின்வரிசைதான். மேலே மைக் தொங்கும். அந்த மைக் எங்கே இருக்கிறது, அதிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றால் குரல் எப்படி விழும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. விளக்கு வேலையும் மோட்டார் வேலையும் செய்த ஆளுக்கு மைக் எம்மாத்திரம்? முணுமுணுப்பைக்கூட வேண்டும் என்றே மைக்குக்கு நேர் கீழே வந்து சொல்வார்.

முரளி தம்பிக்கும் ஒன்று. நாடகத்தை நிறுத்திவிட்டு அவர் நேரடியாகச் சபையோடு பேசுவது உண்மைதான். ஆனால் அது எல்லா நேரமும் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் கதை அங்கேயே நிற்கும், கூட நடிக்கிறவர்கள் சும்மா நிற்பார்கள். படத்தில் அந்தத் தொய்வு இல்லை. கத்தரித்துக் கட்டி இருக்கிறார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கும், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி மேடையில் எல்லாம் மின்னல் இல்லை.

ஈரோடு இளங்கோ:

நடிப்பு, குரல், மைக் என்று போய்க்கொண்டே இருக்கிறீர்கள். அவர் எதற்காக மேடையில் நின்றார் என்பதை விட்டுவிட்டீர்களே? ராதா பெரியாரின் தொண்டர். அவருக்கு ‘நடிகவேள்’ பட்டம் கொடுத்தவர் பட்டுக்கோட்டை அழகிரி. சென்னைப் பெரியார் திடலில் இருக்கும் மன்றத்துக்கு ராதா பெயர். இதையெல்லாம் எடுத்துவிட்டு அவரை வெறும் ‘நல்ல நடிகர்’ ஆக்குவது எனக்கு ஏற்பில்லை.

ராமாயணத்தை விமர்சிக்கிற நாடகம் போட்டார். கல்லடி, தடை, கைது, வழக்கு எல்லாம் வந்தது. ஒரு நாடகத்துக்குத் தடை வந்தால் பெயரை மாற்றி அதையே மறுநாள் போடுவார். கலைஞர் எழுதிய ‘தூக்கு மேடை’யை நடத்தினார். கருணாநிதிக்குக் ‘கலைஞர்’ என்ற பட்டம் அந்த மேடையில் ராதா கொடுத்தது என்றுதான் கழகத்தார் இன்றைக்கும் சொல்கிறார்கள். நாடகத்தைப் பார்த்து மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் வர வேண்டாம் என்று விளம்பரத்திலேயே போட்டு நடத்தியவர்.

1954-இல் சென்னை மாகாணத்தில் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. ஆட்சேபகரமான நாடகம் என்று அரசு நினைத்தால் தடுக்கலாம். ராதாவின் நாடகங்களை மனதில் வைத்துத்தான் அது வந்தது என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வோம். அந்தச் சட்டம் எவ்வளவு நாள் இருந்தது தெரியுமா? சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் செல்லாது என்று சொல்லும் வரை. ஒரு மேடை நடிகனின் வாய்க்கு எவ்வளவு பயந்திருக்கிறார்கள்!

அதே 1954-இல்தான் ‘ரத்தக் கண்ணீர்’ படமும் வந்தது. படத்துக்குத் தணிக்கைக் குழு உண்டு. அங்கே சான்றிதழ் வாங்கி வந்தவர்தான் திரை ராதா. ராமாயண நாடகத்தை எந்தத் தணிக்கைக் குழு விட்டிருக்கும்? அதனால் நான் முரளி பக்கம். ஆனால் காரணம் வேறு.

உறையூர் நித்யா:

சுந்தரம் ஐயா, மைக் விஷயம் புதிதாகத் தெரிந்துகொண்டேன், நன்றி. ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. மைக்குக்கு ஏற்ப நடிக்கத் தெரிந்தவர் சினிமாவில் தோற்றிருக்கவே முடியாது.

இளங்கோ, தணிக்கை பற்றிச் சொன்னது சரி. ஆனாலும் படத்தில் எவ்வளவு தப்பி வந்திருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து சொந்த ஊரைக் கேவலமாகப் பேசுகிறவன், சடங்கைக் கிண்டல் செய்கிறவன், பிச்சைக்காரனாகி உட்கார்ந்த பிறகும் சமூகத்தைக் கேள்வி கேட்கிறவன். ‘குற்றம் புரிந்தவன்’ பாட்டில் சி.எஸ். ஜெயராமன் பாடப் பாட நடுநடுவே ராதா பேசுகிறார் இல்லையா? அதை இன்னொரு படத்தில் எனக்குக் காட்டுங்கள். பாட்டு அழச் சொல்கிறது, அவர் அழ விடாமல் தன்னையே திட்டிக்கொள்கிறார். நீங்கள் சொன்ன மேடை ராதா, சபையோடு சண்டை போடும் ராதா, அந்தப் பாட்டுக்குள் இருக்கிறார். சபை இல்லை என்பதால் பாட்டோடு சண்டை போடுகிறார்.

அந்தப் படத்தின் வசனம் கதைவசனத் தட்டாகவும் கேசட்டாகவும் டீக்கடை, கல்யாண வீடு என்று எங்கும் ஓடியது. படம் பார்க்காதவர்களுக்கும் மனப்பாடம். எந்த மேடைக்கு அந்தக் கை நீளம் உண்டு?

வேலூர் மருத்துவர்:

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒருவரும் ஒரு விஷயத்தைத் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். ராதாவின் நடிப்பில் எனக்குக் குறை இல்லை. அந்த நடிப்பு என்ன செய்தது என்பதில்தான் எனக்குக் கோபம்.

மோகனசுந்தரத்துக்குத் தொழுநோய் வருகிறது. ஏன் வருகிறது? தாசி வீட்டுக்குப் போனான், தாயை மதிக்கவில்லை, மனைவியைக் கைவிட்டான். செய்த பாவத்துக்குக் கூலியாக நோய். படம் முழுக்க இதைத்தான் சொல்கிறது. தொழுநோய் ஒரு கிருமியால் வருகிறது என்று 1873-லேயே ஹேன்சன் கண்டுபிடித்துவிட்டார். உடலுறவால் வருகிற நோய் அல்ல. அவ்வளவு எளிதில் தொற்றுகிற நோய்கூட அல்ல, பெரும்பாலானவர்களின் உடம்பே அதைத் தடுத்துவிடும்.

இந்த நாடகம் மேடை ஏறிய அதே நாற்பதுகளின் கடைசியில், எங்கள் வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். விரல் ‘அழுகி விழுவது’ நோயால் அல்ல, உணர்ச்சி போய்விடுவதால் சுட்டாலும் வெட்டினாலும் தெரியாமல் காயம் முற்றுவதால் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர். செங்கல்பட்டுத் திருமணியில் பெரிய தொழுநோய் மருத்துவமனை அப்போதே இருந்தது. டாப்சோன் மாத்திரை வந்துவிட்டது. மருந்து வந்த வேளையில், தமிழ்நாட்டின் மிகப் பெரிய பகுத்தறிவு நாடகம் ஊர் ஊராகப் போய் இது பாவத்தின் பலன் என்று சொல்லியது.

தோலில் ஒரு தேமலை மறைத்துக்கொண்டு, காலம் கடந்து வருகிற நோயாளிகளை நான் பார்க்கிறேன். ஏன் முன்பே வரவில்லை என்றால், ஊர் என்ன நினைக்கும் என்கிறார்கள். ஊர் அப்படி நினைக்க ராதா மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்த நினைப்புக்கு மறக்க முடியாத ஒரு முகத்தைக் கொடுத்தவர் அவர். நடிப்பு அவ்வளவு நன்றாக இருந்ததால்தான் இந்தத் தீங்கும் அவ்வளவு ஆழமாகப் போனது.

ஈரோடு இளங்கோ:

டாக்டரம்மா, மதிப்போடு மறுக்கிறேன். அந்த நோய் ஒரு குறியீடு. பணத்திமிர் பிடித்த, மேல்நாட்டு மோகம் பிடித்த ஒருவன் சமூகத்தின் விளிம்புக்கு வருகிறான், அங்கிருந்து பார்த்தால்தான் அவனுக்கு உண்மை தெரிகிறது. விளிம்புக்கு வர அன்றைக்கு இருந்த மிகக் கொடிய வழி அந்த நோய். படத்தின் கடைசியில் அந்த நோயாளிக்குத்தான் சிலை வைக்கிறார்கள். தொழுநோயாளியைச் சிலையாக நடுத்தெருவில் நிறுத்திய படம் வேறு எது?

வேலூர் மருத்துவர்:

அந்தச் சிலை எச்சரிக்கையாக நிற்கிறது இளங்கோ, மரியாதையாக அல்ல. இவனைப் போல் ஆகிவிடாதே என்பதற்காக வைத்த சிலை. குறியீடு என்றால், எந்த மனிதரின் உடம்பைக் குறியீடாக எடுக்கிறோம் என்ற கேள்வி இருக்கிறது. கடவுள் தண்டிப்பார் என்பதை நம்பாத ஒரு கலைஞர், அதே தண்டனைக் கணக்கை நோயின் பேரில் எழுத விட்டது ஏன் என்று பகுத்தறிவுவாதிகள்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

கொட்டகை முரளி:

இதற்கு என்னிடம் எளிதான பதில் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே மோகனசுந்தரம் கடைசியில் தன் மனைவி சந்திராவை நண்பன் பாலுவுக்குக் கல்யாணம் செய்துவைக்கிறான். புருஷன் உயிரோடு இருக்கும்போதே மறுமணம். கணவனே கண்கண்ட தெய்வம் என்று படம் எடுத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. கற்பு என்ற பேச்சை அந்தக் கூட்டத்தின் நடுவில் அவர் அடித்த அடி சாதாரணம் இல்லை. அதையும் கணக்கில் வையுங்கள்.

உறையூர் நித்யா:

அண்ணா, அதை நானும் கணக்கில் வைக்கிறேன். ஆனால் அந்தக் காட்சியில் சந்திரா என்ன விரும்புகிறாள் என்று யார் கேட்டார்கள்? கைவிட்டதும் அவன்தான், இன்னொருவன் கையில் கொடுப்பதும் அவன்தான்.

மோகனசுந்தரம் தேடிப் போன தாசி காந்தாவையும் பாருங்கள். எம்.என். ராஜம் மிகச் சின்ன வயதில் செய்த வேஷம், அவர் நடிப்பைப் பற்றி யாருமே பேசுவதில்லை. ராதாவுக்குச் சரிசமமாக நிற்கிறார். ஆனால் கதை அவளுக்கு என்ன கொடுக்கிறது? தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி போராடி, 1947-இல் சட்டமும் வந்துவிட்டது. அந்த முறையில் சிக்கிய பெண்கள் எப்படி அங்கே வந்தார்கள் என்று நாடு பேசிய காலம் அது. ‘ரத்தக் கண்ணீர்’ அதைப் பேசவே இல்லை. தாசி என்றால் பணம் பறிப்பவள், அவ்வளவுதான். விமான விபத்தில் அவளைக் கொன்றும் விடுகிறார்கள். எனக்கு ராதா பெரிய நடிகர், அந்தக் கதை பாதிதான் பெரிய கதை.

சைதை ராகவன்:

இவ்வளவு நேரம் பேசி 1967 ஜனவரி 12-ஐப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரைச் சுட்டார். தானும் குண்டுக் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார். வழக்கு நடந்து 7 வருடத் தண்டனை, பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது. எங்கள் வீட்டில் எம்.ஜி.ஆர். படம்தான் சாமி படம். என் அம்மா கடைசி வரை ராதா நடித்த படம் டி.வி.யில் வந்தால் அணைத்துவிடுவார். நடிப்பு, கொள்கை என்று நீங்கள் பேசலாம். எங்களுக்கு அந்த ஆள் ஒரு கொலை முயற்சிக் குற்றவாளி.

அந்தக் குண்டு கழுத்தில் பட்டு எம்.ஜி.ஆரின் பேச்சே மாறிப்போனது. அதே ஆண்டு வந்த ‘காவல்காரன்’ படத்தில் அந்தக் குரல் மாற்றம் உங்களுக்கே கேட்கும். குரலால் வாழ்ந்த ஒரு நடிகர், இன்னொரு நடிகரின் குரலை எடுத்துவிட்டார். இதை எந்த மேடையில் கழுவுவீர்கள்?

ஈரோடு இளங்கோ:

ராகவன், நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அவர் சிறையில் இருந்துவிட்டு வந்தார். அதற்கு மேல் நாம் என்ன தண்டிப்பது?

சைதை ராகவன்:

நான் தண்டிக்கச் சொல்லவில்லை. கொண்டாடும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன். அவர் நினைவு நாளுக்கு எழுதுகிற கட்டுரைகளில் இதை ஒரு வேடிக்கை மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார்கள். நீதிமன்றத்தில் அவர் கிண்டலாகப் பதில் சொன்னார் என்று ரசித்து எழுதுகிறார்கள். ஒரு மனிதனின் தொண்டையில் குண்டு பாய்ந்ததில் ரசிக்க என்ன இருக்கிறது?

சுந்தரம், பழைய ரசிகன்:

ராகவன் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் ராதா ரசிகன், ஆனால் அந்தச் சம்பவத்தைச் சிரிப்பாகச் சொல்வது எனக்கும் பிடிக்காது.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். சிறை பற்றியும் தன் வாழ்க்கை பற்றியும் எழுத்தாளர் விந்தனிடம் அவர் விரிவாகப் பேசி அது புத்தகமாகவும் வந்தது. அதில் அவர் தன்னை நல்லவனாகக் காட்ட மெனக்கெடவே இல்லை. என்.எஸ். கிருஷ்ணன் மேல் ஒரு முறை ஆத்திரம் வந்து துப்பாக்கியோடு போனதைக்கூட மறைக்காமல் சொல்கிறார், அந்த ‘இழந்த காதல்’ பட விவகாரத்தில்தான். கோபம் அவருக்குள் முதலில் இருந்தே இருந்தது. மேடையில் அது கலையாகியது, வெளியே எப்போதும் அப்படி ஆகவில்லை. இரண்டும் ஒரே ஆள்தான். என்னால் அவரைப் பிரித்து ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

கொட்டகை முரளி:

இந்த இழையை நான் தொடங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் சின்னக் குழு ‘ரத்தக் கண்ணீர்’ நாடகத்தை, உரிமை உள்ளவர்களிடம் அனுமதி வாங்கி, மறுபடி மேடையில் போட யோசிக்கிறது. தெலுங்கில் நாகபூஷணம் இதை மேடையில் ஆண்டுக்கணக்கில் நடத்தினார். கன்னடத்தில் 2003-இல் உபேந்திரா நடித்துப் படமே வந்தது. தமிழில் நாம் ராதாவைப் போல் பேசிக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டோம்.

எங்களுக்குள்ளேயே சண்டை. எழுதியதை எழுதியபடி போட வேண்டும் என்கிறார்கள் சிலர். டாக்டரம்மா எழுதியதைப் படித்த பிறகு எனக்கு அந்த நோய்க் காட்சிகளை எப்படி மேடையில் வைப்பது என்று தெரியவில்லை. நோயை மாற்றிவிடலாமா? வெறும் விபத்து என்று வைத்தால் கதை நிற்குமா?

ஈரோடு இளங்கோ:

மாற்றாதீர்கள். அது அந்தக் காலத்துப் பிரதி, அந்தக் காலத்தோடு இருக்கட்டும். இன்று ஒவ்வொருவர் மனமும் புண்படக்கூடாது என்று திருத்த ஆரம்பித்தால் ராதாவிடம் மிஞ்சுவது ஒன்றும் இல்லை. மனம் புண்படுகிறவர் வர வேண்டாம் என்று சொன்னவர் நாடகம் அது.

வேலூர் மருத்துவர்:

புண்படுவது வேறு, பொய் வேறு இளங்கோ. நான் புண்படவில்லை. மேடையில் இருந்து சொல்வது மருத்துவப்படி தவறு என்கிறேன். பார்க்க வருகிறவர்களில் ஒருவருக்கு அந்தத் தேமல் இருக்கலாம். அவர் அடுத்த நாள் மருத்துவமனைக்கு வருவாரா, சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்து விடுவாரா என்பதுதான் என் கவலை. இன்று கூட்டு மருந்தில் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் இது குணமாகிறது, அரசு மருத்துவமனையில் இலவசம். அந்த ஒரு செய்தி உங்கள் மேடையில் இல்லை என்றால் நான் டிக்கெட் வாங்க மாட்டேன்.

உறையூர் நித்யா:

முரளி அண்ணா, நீங்கள் முதல் பதிவில் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறேன். காலையில் பேப்பரில் வந்ததை ராத்திரி மோகனசுந்தரம் பேசுவான் என்றீர்கள். மேடையின் பலம் அதுதான், சினிமாவால் அது முடியாது என்றீர்கள். அப்படியானால் நோயை மாற்ற வேண்டியதே இல்லை. மோகனசுந்தரம் தெருவில் உட்கார்ந்திருக்கும் காட்சியில் கதையை நிறுத்துங்கள். அவனே எழுந்து சபையைப் பார்த்து, இது பாவத்தால் வந்தது என்று இவ்வளவு நேரம் நம்பிக்கொண்டிருந்தீர்களா, உங்களுக்கு அதைச் சொன்னது யார் என்று கேட்கட்டும். கிருமி, மாத்திரை, வேலூர் எல்லாவற்றையும் அவன் வாயால் சொல்லட்டும். காந்தாவுக்கும் நாலு வாக்கியம் கொடுங்கள், அவளும் பதில் பேசட்டும்.

படத்தில் இதைச் செய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திரை ராதா பற்றி நான் சொன்னதில் ஒரு எழுத்தையும் திரும்பப் பெறவில்லை. உங்கள் நடிகர் அந்த இடத்தில் எப்படிக் குரலை மாற்ற வேண்டும் என்று கற்றுக்கொள்ள ‘பாவ மன்னிப்பு’ படத்தைத்தான் போட்டுப் பார்க்கப் போகிறார்.

ஈரோடு இளங்கோ:

கதையை நிறுத்திச் சபையோடு பேசுவதென்றால் சரி, அது ராதா வழிதான். தங்கராசுவின் வசனத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். எங்கே, எந்த மாதம் என்று தெரிந்ததும் எழுதுங்கள் முரளி, ஈரோட்டிலிருந்து ஒரு வேன் ஆள் கூட்டிவருகிறேன்.